சித்தாள் வருஷம் செல்லாது: கலிபோர்னியாவில் கான்ட்ராக்டர் லைசென்ஸ்

"அண்ணா, கான்ட்ராக்டர் லைசென்ஸ் பரீட்சைக்கு எந்த புக் படிக்கணும்?" மாதத்துக்கு இரண்டு பேராவது வாட்ஸ்அப்பில் இப்படி வருகிறார்கள். பே ஏரியாவுக்கு நம்மவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்கு மட்டும் வருவதில்லை. ஊரில் சிவில் படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு பில்டரிடம் சூப்பர்வைசராகவோ தச்சு வேலையிலோ சேர்ந்து, நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டுச் சொந்தமாகச் செய்யலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நானும் அப்படி வந்தவன்தான். புக் கிடக்கட்டும், உனக்குக் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே அமைதியாகிவிடுவார்கள்.

இங்கே லைசென்ஸ் கொடுப்பது மாநில போர்டு. சிஎஸ்எல்பி என்பார்கள், 1929இலிருந்து இருக்கிறது, தலைமையகம் சாக்ரமென்டோவில். வீடு, கடை, ஆபீஸ் கட்டுகிறவருக்குத் தேவை பி கிளாஸ், அதாவது ஜெனரல் பில்டிங். ரோடு, பாலம் மாதிரி வேலைகளுக்கு ஏ. பிளம்பிங், எலக்ட்ரிகல், கூரை என்று ஒரே தொழில் செய்பவர்களுக்கு சி. பி வைத்திருப்பவர், மரச்சட்டம் அடித்து வீட்டை எழுப்பும் ஃப்ரேமிங் வேலையைத் தனியாக எடுக்கலாம். மற்றபடி ஓர் ஒப்பந்தத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு தொழில்களாவது இருக்க வேண்டும். பாத்ரூமுக்கு டைல்ஸ் மட்டும் ஒட்டித் தருகிறேன் என்று பி லைசென்ஸோடு போக முடியாது. லைசென்ஸ் வாங்கியவர்களிலேயே இது தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அனுபவத்துக்கு வருவோம். கடந்த 10 வருஷத்துக்குள் 4 வருஷ முழுநேர அனுபவம் வேண்டும், அதுவும் ஜர்னி லெவல் அனுபவம். யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் வேலையைத் தானே முடிக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம். நம்மூர்க் கணக்கில் சித்தாளாக இருந்த வருஷங்கள் செல்லாது, கொத்தனார் ஆன பிறகு வந்த வருஷங்கள்தான் செல்லும். மேஸ்திரி, சூப்பர்வைசராக இருந்த காலமும் செல்லும். பி கிளாஸுக்கு ஃப்ரேமிங் அல்லது தச்சு வேலையோடு வேறு இரண்டு தொழிலிலாவது கை வைத்திருக்க வேண்டும்.

இந்த 4 வருஷத்தை நீங்களே சொன்னால் போதாது. வேலையை நேரில் பார்த்த ஒருவர் அதற்கான படிவத்தில், பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியோடு கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி போடலாம், கூட வேலை செய்தவர் போடலாம், இன்ஸ்பெக்டரோ ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ கூடப் போடலாம். இதற்கு மேல், வருகிற விண்ணப்பங்களில் குறைந்தது 3 சதவீதத்தை எடுத்து போர்டு தீர விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதில் மாட்டினால் டபிள்யூ-2, 1099 என்ற வருமானப் படிவங்கள், வரிக் கணக்கு, கட்டட பெர்மிட் நகல் என்று காகிதம் கேட்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஐந்து வருஷம் ஒரு பில்டரிடம் உழைத்தார், நல்ல வேலைக்காரர், ஆனால் சம்பளம் முழுக்க ரொக்கம். வரி மிச்சம் என்று அப்போது இரண்டு பேருக்கும் சந்தோஷம். தனியாகப் போகிறேன் என்று இவர் சொன்னதும் அந்த பில்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். போட்டிருந்தால் ஐந்து வருஷமாக ரொக்கம் கொடுத்ததைத் தானே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அவர் ஏன் போடுவார்?

சிவில் படித்தவர்களுக்கு ஒரு நல்ல சேதி. கட்டுமானத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்ஜினியரிங் பட்டத்துக்கு அந்த 4 வருஷத்தில் 3 வருஷம் வரை கழித்துக்கொள்வார்கள். ஊரில் வாங்கிய பட்டம் என்றால், போர்டு ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் மார்க் ஷீட்டை மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். இருந்தாலும் ஒரு வருஷமாவது களத்து வேலையைக் காட்டியாக வேண்டும், அதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

காகிதம் இல்லாதவர்கள் போகும் குறுக்குவழி, லைசென்ஸை வாடகைக்கு எடுப்பது. யாரோ ஓய்வுபெற்ற கான்ட்ராக்டர் மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு தன் பெயரைக் கொடுப்பார், வேலை இடத்துப் பக்கமே வர மாட்டார். ஆர்எம்இ என்று, லைசென்ஸுக்குத் தகுதியுள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது சட்டப்படியே உண்டு, ஆனால் அவர் வாரத்தில் 32 மணி நேரம் அல்லது கம்பெனி வேலை நேரத்தில் 80 சதவீதம், இதில் எது குறைவோ அவ்வளவாவது உண்மையிலேயே வேலை பார்க்க வேண்டும். பெயர் மட்டும் கொடுத்தால் அவர் லைசென்ஸும் போகும், உங்கள் தலையிலும் விழும்.

லைசென்ஸ் இல்லாதவர் தலையில் எப்படி விழும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் நம்புவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் லைசென்ஸ் இல்லாமல் ஒரு கிச்சன் வேலை எடுத்தார். வேலை சுத்தமாக முடிந்தது, கடைசித் தவணை மட்டும் பாக்கி. வீட்டுக்காரர் இழுத்தடித்தார், இவர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். வழக்கறிஞரைப் பார்த்த பிறகு இவருக்குப் பேச்சே வரவில்லை. தொழில் சட்டத்தின் 7031ஆம் பிரிவு அப்படி: லைசென்ஸ் இல்லாதவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது, லைசென்ஸ் இல்லை என்று வீட்டுக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தாலும் முடியாது. அதோடு நிற்கவில்லை, வீட்டுக்காரர் ஏற்கெனவே கொடுத்த மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். பொருள் வாங்கிய செலவைக்கூடக் கழிக்க மாட்டார்கள். பாக்கியை விட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார், அதுதான் புத்திசாலித்தனம்.

சின்ன வேலைதானே என்பீர்கள். கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்குக் கீழே இருந்து, பெர்மிட்டும் தேவைப்படாமல், ஆளும் வைக்காமல் செய்தால் மட்டும் லைசென்ஸ் வேண்டாம். 2024 வரை அந்த வரம்பு 500 டாலராக இருந்தது. பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி 900, 900 என்று பில் போடுவது செல்லாது. போர்டு ஆட்களே வீட்டுக்காரர் போல நடித்துக் கூப்பிட்டு விலை கேட்டுப் பிடிப்பதும் இங்கே வழக்கம்தான்.

மற்றதெல்லாம் வரிசையாக நடந்துவிடும். விண்ணப்பத்துக்கு 450 டாலர், தனி ஆள் பெயரில் முதல் லைசென்ஸுக்கு 200. கைரேகை, சட்டம் மற்றும் வணிகம் ஒரு தாள், தொழில் ஒரு தாள், அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் புத்தகத்தைப் பார்த்தே எழுதும் ஒன்று. கடைசியில் 25,000 டாலர் பாண்ட், அதாவது பிணைப் பத்திரம். பாண்ட் உங்களைக் காப்பாற்றும் இன்சூரன்ஸ் என்று நினைக்காதீர்கள், அந்தக் கம்பெனி வாடிக்கையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும். இன்னொரு பள்ளம் இருக்கிறது: சொந்தப் பெயரில் லைசென்ஸ் வாங்கிவிட்டு, பிறகு ஆடிட்டர் சொன்னார் என்று எல்எல்சி என்ற தனிக் கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் ஒப்பந்தம் போடுவது. அந்த எல்எல்சிக்குத் தனி லைசென்ஸ் இல்லையென்றால் 7031 அங்கேயும் பாயும்.

டெக்சாஸில் இருக்கும் மச்சான் ஒன்றுமே வாங்கவில்லையே என்று கேட்காதீர்கள். அங்கே ஜெனரல் கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸ் கிடையாது, எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மாதிரி சில தொழில்களுக்குத்தான் உண்டு. நியூயார்க்கிலும் மாநில அளவில் இல்லை, அந்தந்த நகரமோ கவுண்டியோதான் கேட்கும். டெக்சாஸின் டாலஸில் நடக்கிறதே என்று இங்கே ஃப்ரீமான்ட்டில் செய்தால் நடக்காது.

கோயம்புத்தூர்த் தம்பி கதை கேட்பீர்கள். அவரோடு அதே சைட்டில் ஃப்ரேமிங் செய்த மெக்சிகோக்காரர் ஒருவர், இப்போது லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர், தேடிப் பிடித்ததும் உடனே கையெழுத்துப் போட்டார். விட்டுப்போன வருஷங்களின் வரியைத் தம்பி அபராதத்தோடு கட்டினார், பட்டத்தையும் மதிப்பீட்டுக்கு அனுப்பினார். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, போன வாரம் கைரேகை கொடுத்துவிட்டு வந்தவர், காரில் இருந்தே கூப்பிட்டு எந்த புக் என்று கேட்டார். இந்த முறை சொன்னேன்.