எட்டாம் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய நாள்கணக்கு

பிள்ளை சமைந்துவிட்டால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, தாய்மாமன் சீரோடு சடங்கு வைப்பது திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். மொய் எழுதிப் போகிறவர்களில் ஒருவர்கூட, மாதவிலக்கு தள்ளிப்போனால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் சொல்லட்டும் என்றால், "பிள்ளைகளைக் கெடுக்கவா?" என்று சண்டை.

சண்டை பழையதுதான். 2005-இல் வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007 வாக்கில் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் இறங்கிவிடுவதில்லை என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் யுனெஸ்கோ வழிகாட்டுதலே வெளியிட்டது. நம் அறிவியல் புத்தகத்திலும் எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம், பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் என்று பாடங்கள் இருக்கின்றன. "வீட்டில் வாசிச்சுக்கோங்க" என்று தாண்டிப்போனால் என்ன செய்வது?

கர்ப்பத்தைக் கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஒரு விலக்கு தள்ளிவிட்டது என்று தெரியும்போதே நாலு வாரம் கடந்திருக்கும். வயதுக்கு வந்த முதல் இரண்டு வருடம் பலருக்கு விலக்கு சீராக வராது. "இவளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று அம்மா இருந்துவிடுவாள். குமட்டலுக்குப் பித்தம் என்று பெயர். கடைசியில் வயிறு தெரிகிறபோது ஐந்து மாதம். விலக்கு தள்ளி ஒரு வாரத்தில், விடியற்காலைச் சிறுநீரில் சில சொட்டைப் பரிசோதனை அட்டையில் விட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அவசரக் கருத்தடை மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி ஒன்று. கருப்பையில் ஒட்டிவிட்ட கருவை இது கலைக்காது. நம் ஊர் மருந்துக் கடைகள் பலவற்றில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்குள் நாள் போய், யாரோ கொடுத்த கலைப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கேட்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கலைப்பு மாத்திரை போட்டபின் மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும்போது பையன்களை மைதானத்துக்கு அனுப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய கூத்து. ஆணுறையை மணிபர்சிலும் பைக் சீட்டுக்கு அடியிலும் வைப்பவன் அவன். நம் சித்திரை வெயிலில் ரப்பர் இற்றுவிடும். பல்லால் கடித்துப் பிரித்தாலோ தேங்காயெண்ணெய் பட்டாலோ கிழியும். நுனியில் காற்றை நசுக்காமல் போட்டாலும் அதே கதி.

18 வயதுக்குக் கீழ் சம்மதம் சட்டப்படி செல்லாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் காதலனுக்கும் பொருந்தும். மாமன் மகன்தானே, தாலி கட்டியாயிற்றே என்பதும் நிற்காது. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும். இதற்குப் பயந்துதான் குடும்பங்கள் கைவைத்தியத்துக்கு ஓடுகின்றன. ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயர், அடையாளம் வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாதுகாவலர் எழுத்தில் சம்மதம் தந்தால், 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்தின்பேரிலும், சிறுமி என்பதால் 24 வாரம் வரை இரு மருத்துவர்கள் கருத்தின்பேரிலும் கருவைக் கலைக்கலாம்.

ஆசிரியருக்குக் கூச்சமாக இருந்தால் வட்டார ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ செவிலியரையோ வகுப்புக்கு அழைக்கலாம். முதல் நாள் பெயர் எழுதாத சீட்டில் கேள்விகளை வாங்கி, மறுநாள் பதில் சொன்னால் பிள்ளைகள் தாராளமாகக் கேட்பார்கள். கரும்பலகை ஓரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டையும் அழியாமல் எழுதிவைக்கலாம்.