பத்தாவது ஆள் சேர்ந்ததும் வரும் இ.எஸ்.ஐ.: சோபா, கார்ப்பெட் கிளீனிங் நடத்துபவர்களுக்கு

சோபா, கார்ப்பெட், மெத்தை கிளீனிங் எடுத்துச் செய்யும் சிறு நிறுவனக்காரர்களிடம் பேசினால் முதலில் வரும் புலம்பல், "ஆள் நிற்க மாட்டேங்கிறாங்க" என்பதுதான். எந்தத் துணிக்கு எவ்வளவு ஷாம்பு, கம்பளி கார்ப்பெட்டில் எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று கை பழகுவதற்குள் பையன் டெலிவரி வேலைக்கோ வேறு கம்பெனிக்கோ போய்விடுகிறான். ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் போதும். சம்பளத்தில் எல்லாரோடும் போட்டி போட முடியாது என்பது சரி. ஆனால் டெலிவரி ஆப்பில் வண்டி ஓட்டுபவருக்கு இல்லாத ஒன்றை உங்களால் தர முடியும். அதுதான் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. பலர் இதை ஒரு தண்டச் செலவாகவே பார்க்கிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் தண்டமில்லை. அரைகுறையாகக் கட்டினால் நிச்சயம் தண்டம்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில், யாருக்குக் கட்டாயம் என்பது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பதிவு செய்தே ஆக வேண்டும். இந்தப் பத்தில் தினக்கூலிக்கு வருபவர், பகுதிநேரமாக வருபவர், போன் எடுத்து புக்கிங் போடும் பெண், வேறொரு கான்ட்ராக்டர் மூலம் வந்து உங்கள் வேலையைச் செய்பவர் எல்லாரும் சேர்த்தி. மாதம் 21,000 ரூபாய் என்ற சம்பள வரம்பைத் தாண்டிய சூப்பர்வைசருக்கு இ.எஸ்.ஐ. சந்தா கிடையாது, ஆனால் தலை எண்ணும்போது அவரும் ஒரு தலை. ஒன்பது பேரை மட்டும் ரெஜிஸ்டரில் காட்டி மீதியை நோட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நிறைய இடத்தில் உண்டு. ஒரு விபத்து நடந்தால் அந்த நோட்டுதான் முதலில் வெளியே வரும். இன்னொன்று, ஒரு தடவை வரம்புக்குள் வந்துவிட்டால் அப்புறம் ஆள் ஏழாகக் குறைந்தாலும் இ.எஸ்.ஐ. தொடரும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 வந்திருக்கிறது. பத்து பேர் என்ற எண் அப்படியே இருக்கிறது. சின்ன நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது வேறு: பத்துக்குக் கீழே இருப்பவர்களும் விரும்பினால் சேரலாம். முதலாளியும், ஊழியர்களில் பெரும்பான்மையானவர்களும் ஒப்புக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆறு பேரை வைத்து இரண்டு வண்டி ஓட்டும் நிறுவனத்துக்கும் இப்போது வழி இருக்கிறது.

சந்தாக் கணக்கு எளிது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு (மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை) முதலாளி 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். 18,000 ரூபாய் வாங்கும் பையனுக்கு உங்கள் பங்கு 585, அவன் பங்கு 135. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஆன்லைனில் கட்டிவிட வேண்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம் தனி. உங்கள் 585ஐயும் அவன் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டப்படி தப்பு. "மொத்தம் நாலு சதவீதம் பிடிச்சிருக்கோம்" என்று கூச்சமே இல்லாமல் சம்பளச் சீட்டில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தீபாவளி, பொங்கலுக்கு முன் ஓவர்டைம் குவியும் தொழில் இது. அந்த மாதம் 18,000 வாங்குபவன் 23,000 வாங்கினால் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போய்விடுவானா? மாட்டான். 21,000 வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் பணத்தைச் சேர்ப்பதில்லை. நடுவில் சம்பளத்தையே உயர்த்தி வரம்பைத் தாண்டினாலும், அந்தச் சந்தாக் காலம் (ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை) முடியும் வரை தொடர்ந்து கட்ட வேண்டும். வேலைக்குப் போன பெட்ரோல் செலவை பில்லுக்கு எதிராகத் திருப்பிக் கொடுப்பது சம்பளத்தில் வராது. ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மீதியெல்லாம் படி என்று எழுதும் பழைய தந்திரம் புதிய சட்டத்தில் பலிக்காது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்காகும்.

இப்போது, ஊழியருக்கு என்ன கிடைக்கிறது என்பது. அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் பெரிய ஆஸ்பத்திரி. சென்னையில் அயனாவரமும் கே.கே.நகரும் எல்லாருக்கும் தெரிந்தவை. "மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கு, இதுக்கு எதுக்கு 135 ரூபாய்" என்ற குறை வரும். அதில் நியாயமும் இருக்கிறது. காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்குக்கே போவார்கள், போகட்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வரும் நாளில்தான் இந்த அட்டையின் மதிப்பு தெரியும்.

பதிவின்போது ஒரு விஷயத்தில் சோம்பல்படக் கூடாது. படிவத்தில் ஊழியருக்கான மருந்தகம், குடும்பத்துக்கான மருந்தகம் என்று இரண்டு தனித்தனி இடம் இருக்கும். ஆடிட்டர் ஆபீசில் இரண்டிலும் உங்கள் கடைக்குப் பக்கத்தில் இருப்பதையே போட்டுவிடுவார்கள். பையன் தங்கியிருப்பது வேளச்சேரியில், மனைவியும் குழந்தையும் விழுப்புரம் பக்கமோ ஒடிசாவிலோ என்றால், குடும்பத்துக்கு அந்த ஊர் மருந்தகத்தைப் போடலாம். ஊருக்கு ஊர் ஆள் மாறும் இந்தத் தொழிலில், பாதிப் பேருக்கு இ.எஸ்.ஐ. பயன்படாமல் போவதற்கு இந்த ஒரு கட்டம்தான் காரணம் என்பேன்.

அடுத்தது நோய்க்கால உதவித்தொகை. படுத்துவிட்டால் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. 18,000 சம்பளக்காரருக்கு நாள் சம்பளம் சுமார் 600 என்று வைத்தால் நாளுக்கு 420 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்தால் 19 நாளுக்கு 7,980 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வரும். இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். காசநோய் போன்ற சில நீண்ட நோய்களுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா நிபந்தனையும் நிறைவேறியிருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை போகும். பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளம். அந்தப் பணத்தைக் கொடுப்பது நீங்கள் இல்லை, இ.எஸ்.ஐ.யை நடத்தும் அரசுக் கழகம். சின்ன நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்க வேண்டிய ஒரு காரணம் இதோடு போகிறது.

அரைகுறையாகக் கட்டினால் தண்டம் என்றேன் இல்லையா? அது இங்கேதான். நோய்க்காலத் தொகை கிடைக்க ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை. முதன்முதலாக இ.எஸ்.ஐ.க்குள் வருபவருக்கு, சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் இந்தப் பண உதவி தொடங்கும். ஆறு மாதத்தில் 78 நாள் என்றால் மாதத்துக்கு 13 நாள். செலவைக் குறைக்கிறேன் என்று 26 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள் மட்டும் காட்டினால் மொத்தம் 72தான் வரும். ஆறு மாதமும் அவரிடம் பணம் பிடித்து, நீங்களும் கட்டி, கடைசியில் அவர் படுக்கும்போது ஒரு பைசா வராது. இந்த ஒரு சம்பவம் போதும், மற்றவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப. உள்ள நாளை உள்ளபடி காட்டுங்கள்.

ஆளைத் தக்கவைக்கும் பேச்சும் இங்கிருந்தே வரலாம், ஆனால் உண்மையாக இருக்க வேண்டும். "போனால் இ.எஸ்.ஐ. போய்விடும்" என்று மிரட்டாதீர்கள், அது பொய். பத்து இலக்க காப்பீட்டு எண் ஊழியருடையது. அடுத்த நிறுவனமும் இ.எஸ்.ஐ. கட்டினால் அதே எண்ணில் தொடரும். கட்டாத இடத்துக்குப் போய் நாலைந்து மாதம் இருந்தால்தான் 78 நாள் கணக்கு அறுந்துபோகும். அந்தக் காலண்டரை ஒரு தாளில் எழுதிக் காட்டினாலே பையன்களுக்குப் புரியும். ஆயிரம் ரூபாய் கூடுதலுக்குப் போகிறவன் அப்போது ஒரு தடவை யோசிப்பான். போக வேண்டியவன் போவான்தான்.

வேலையில் அடிபட்டால் கணக்கே வேறு. இந்தத் தொழிலில் அடிபடுவதற்கு நிறைய இருக்கிறது: ஈர டைல்ஸில் வழுக்குவது, லிப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு வாக்குவம் மெஷினைத் தூக்கும்போது இடுப்பு பிடிப்பது, கறை எடுக்கும் கெமிக்கல் கண்ணில் தெறிப்பது, முன்னால் பக்கெட்டும் பின்னால் மெஷினுமாக பைக்கில் போய் விழுவது. வேலை விபத்துக்கு 78 நாள், ஒன்பது மாதம் எதுவும் கிடையாது. முதல் நாளே விழுந்தாலும் உண்டு. மூன்று நாளைக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால், குணமாகும் வரை நாள் சம்பளத்தில் 90 சதவீதம். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், முடித்துத் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்பிருந்தால் சேரும். நிரந்தர ஊனம் என்றால் அதன் அளவுக்கேற்ப மாதாமாதம் பணம். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 90 சதவீதம் பங்கிட்டுப் போகும், இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய். விபத்தை உடனே, கூடுமானவரை அன்றைக்கே, ஆன்லைனில் பதிய வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

இது முதலாளிக்கும் கவசம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் ஊழியர் வேலையின்போது இறந்தால் ஊழியர் இழப்பீட்டு விதிகளின்படி பொறுப்பு நேராக முதலாளி தலையில் விழலாம். கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் பாதி (சம்பளம் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள்), பெருக்கல் வயதுக்கான எண். 25 வயதுக்கு அந்த எண் 216.91. ஆக 16,26,825 ரூபாய். ஏழு பேருக்கு, ஆளுக்கு 18,000 சம்பளத்தில், இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு மாதம் 4,095. எது தாங்கும் என்று நீங்களே பாருங்கள். இ.எஸ்.ஐ. உள்ள ஊழியரின் வேலை விபத்துக்குக் கழகம்தான் பணம் கொடுக்கும். அதே காயத்துக்கு உங்களிடம் தனியாக அந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. ஒன்று மட்டும்: நோய்க்காலத் தொகையோ விபத்துக்காலத் தொகையோ வாங்கிக்கொண்டிருப்பவரை அந்தச் சமயத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது.

ஐ.டி. கம்பெனி, பெரிய ஹோட்டல், அபார்ட்மென்ட் சங்கம் என்று மாத ஒப்பந்தம் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் பில்லோடு இ.எஸ்.ஐ. செலான் கேட்பார்கள். நீங்கள் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டி வரும் என்பதால் கேட்கிறார்கள். பி.எஃப். கட்டாயமாவது இருபது பேரிலிருந்து. அது தனிக் கணக்கு, தனிப் பதிவு.

ஆள் வேலையை விட்டுப் போனால் போர்ட்டலில் கடைசி வேலை நாளைப் போட்டு, காரணத்தைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுங்கள். புதிதாக வருபவரிடம் சேரும் அன்றே பழைய காப்பீட்டு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கும்போது இன்னொன்று எடுத்தால் அவர் கட்டிய நாட்கள் இரண்டு எண்ணிலும் பிரிந்து கிடக்கும். அதைச் சேர்க்க அலுவலகத்துக்கு அலைய வேண்டியவர் அவர்தான், அதுவும் வேலை நாளில்.