வியர்வை குடித்த கைப்பிடி

ஒரு வாரமாக உறைக்குள்ளேயே கிடந்த டேபிள் டென்னிஸ் பேட். யாரும் தொடவில்லை. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலையில் ஜிப்பைத் திறந்து கையில் எடுத்தால், கைப்பிடி மட்டும் பிசுபிசுக்கிறது. ரப்பர் காய்ந்திருக்கிறது, உறையின் உள்துணியும் காய்ந்திருக்கிறது. அப்புறம் இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

இதற்கான விடை அடுக்களை உப்பு ஜாடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு கசிந்து ஜாடியின் அடியில் நீர் கட்டுவதைப் பார்க்காதவர் குறைவு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், உப்பின் முக்கியப் பொருளான சோடியம் குளோரைடு காற்றிலிருக்கும் நீராவியைத் தன் பக்கம் இழுத்து, அந்த நீரிலேயே கரைந்தும் விடும். சென்னை மாதிரியான கடற்கரை ஊரில் மழைக்கால மாலை என்றால் 75 சாதாரணம். கைப்பிடிக்குள்ளும் அதே உப்புதான் இருக்கிறது. மாதக்கணக்கில் நாம் ஊற்றிய வியர்வையில் நீர் ஆவியாகிப் போய்விட்டது, உப்பு மட்டும் மரத்திலேயே தங்கிவிட்டது. நாம் ஆட வருவதற்கு முன்பே பேட் வியர்த்து நிற்பதன் ரகசியம் இதுதான்.

உள்ளங்கை ஒரு விசித்திரமான இடம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சில நூறு வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஆனால் அவை வெயிலைவிடப் பதற்றத்துக்குத்தான் அதிகம் பணிகின்றன. ஆட்டம் 9-9 என்று நிற்கும்போது கை நனைவது அதனால்தான். ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. இடையில் கை நனைந்தால், பந்து அதிகம் விழாத வலையோர மேசைப் பரப்பில் ஒரு தேய்ப்பு.

இன்னொரு விசித்திரம், உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையவே கிடையாது. அப்படியானால் பழைய கைப்பிடியில் படிந்திருக்கும் பிசுக்கு? நெற்றியைத் துடைத்த கை, முடியை ஒதுக்கிய கை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆட வருபவர்களின் பேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஈரம் பிடிக்கு எப்போதும் பகையா என்றால், இல்லை. கடப்பாரையைத் தூக்குமுன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வது சரியான அறிவியல். காய்ந்த தோல் விறைப்பாக இருக்கும், பிடித்த பொருளின் மேடுகளை மட்டும்தான் தொடும். துளி ஈரம் பட்டால் தோலின் மேலடுக்கு இளகி, பள்ளங்களிலும் படிகிறது. தொடும் பரப்பு கூடுகிறது, உராய்வும் கூடுகிறது. ஆனால் ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தோலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் உருவாகிறது. அதன்பின் கை தொடுவது மரத்தை அல்ல, தண்ணீரை. பிடி நழுவுகிறது.

அந்த எல்லையைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மரத்தின் வேலை. மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவரில் இருக்கும் செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருள். அதனால் நல்ல பேட்களின் கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்காமல் வெறும் மரமாகவே விட்டுவிடுவார்கள். கை கசியும் வியர்வையை மரம் குடித்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் மெல்ல வெளியே விடும். நாளாக ஆக உப்பு, எண்ணெய், தோலிலிருந்து உதிரும் செத்த செல்கள், தூசு எல்லாம் சேர்ந்து குழாய்களின் வாயை அடைத்துவிடுகின்றன. கூடவே கை தேய்த்துத் தேய்த்து மரமும் வழவழப்பாகிவிடும். உலக்கையின் நடுவில் கைபடும் இடம் மினுங்குமே, அந்த மினுமினுப்பு. உலக்கைக்கு அது அழகு. பேட்டில் அது வந்துவிட்டால் நழுவுமோ என்று பயந்து விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், முன்கைத் தசை விறைக்கும், பந்தை முன்பக்கமாகச் சுழலவிடும் டாப்ஸ்பின் அடிக்கும்போது மணிக்கட்டில் வர வேண்டிய சொடுக்கு வராது.

சரி, சுத்தம் செய்வோம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். கையில் இருந்த சானிடைசரைப் பிதுக்கித் தேய்த்தேன். ஆல்கஹால்தானே, காய்ந்துவிடும் என்ற நினைப்பு. காய்ந்த பிறகு முன்பைவிட மோசமாக ஒட்டியது. தோல் வறண்டுபோகாமல் இருக்க சானிடைசரில் கிளிசரின் சேர்ப்பார்கள். கிளிசரினும் உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை இழுக்கும். ஏற்கெனவே இருந்த திருடனுக்குத் துணையாள் சேர்த்துக் கொடுத்த கதை.

கைப்பிடியில் இருப்பது ஒரே அழுக்கு அல்ல, இரண்டு. உப்பு தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் பெரிதாகக் கரையாது. எண்ணெய் தண்ணீருக்கு மசியாது, ஆல்கஹாலுக்கோ சோப்புக்கோ மசியும். ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் மற்றது அப்படியே இருக்கும். வெறும் ஈரத்துணியால் துடைத்தால் பிசுக்கு போகாததும், ஸ்பிரிட்டால் துடைத்தால் அடுத்த மழைநாளில் மறுபடி கசிவதும் இதனால்தான்.

நான் இப்போது செய்வது இப்படி. ரப்பர் இருக்கும் பகுதியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டிவிடுவேன், அதன்மேல் ஆல்கஹால் படவே கூடாது. பழைய பல்துலக்கியால் உலர்வாக ஒரு தேய்ப்பு. பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. மரம் நீரைக் குடித்தால் குறுக்குவாட்டில் வீங்கும், நீளவாட்டில் அநேகமாக அசையாது. இந்த ஏற்றத்தாழ்வுதான் கைப்பிடியின் பசை ஒட்டுகளைப் பிளக்கிறது. அடுத்து வெறும் நீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைப்பேன், உப்பை வெளியே எடுப்பது இந்தச் சுற்றுதான். கடைசியாக மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு, அடுப்புப் பக்கம் போகாமல். சாயம் ஏற்றிய கைப்பிடி என்றால் முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்திவிடலாம்.

ஒரு நாள் முழுக்க நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்பகுதி சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், விரிசல் விடும்.

காய்ந்தபின் தடவினால் மரம் சொரசொரப்பாகத் தெரியும். நீர் பட்டு எழுந்து நிற்கும் நார்கள் அவை. பயப்பட ஒன்றுமில்லை. 320 எண் உப்புத்தாளை எடுத்து, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, அழுத்தாமல் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். உப்பை எடுக்க உப்புத்தாள் என்பது தமிழ் தச்சுப்பட்டறையின் குறும்பு, அந்தத் தாளில் உப்பு எதுவும் கிடையாது. மினுமினுப்பு போய் மங்கலான புது மரம் தெரிந்தால் நிறுத்திவிடலாம். குழாய்களின் வாய் திறந்துவிட்டது. பேனா பிடிப்பதுபோல் பிடிக்கும் ஜப்பானிய பென்ஹோல்டு பேட்டின் தக்கைப் பிடிக்கு மட்டும் இதெல்லாம் ஒத்துவராது. தக்கையின் அறைகள் மூடியவை, நீரைக் குடிக்காது. பிழிந்த துணியால் ஒரு துடைப்பு போதும்.

‘மரத்துக்கு எண்ணெய் போடணும்’ என்று கிரிக்கெட் ஆடியவர்கள் சொல்வார்கள். அது கிரிக்கெட் பேட்டின் அடிக்கும் பகுதிக்கு, அதுவும் காற்றுப் பட்டால் இறுகிவிடும் ஆளிவிதை எண்ணெய். கைப்பிடியில் எண்ணெய் ஏற்றினால், நாம் இவ்வளவு நேரம் திறந்த வாயை நாமே அடைக்கிறோம். துணிப்பட்டையோ கிரிப் டேப்போ சுற்றலாம்தான். ஆனால் பிடி தடிக்கும், சில கிராம் கூடும், எடை கைப்பக்கம் சாயும். வியர்வை ஊற்றுகிறவர்களுக்கு அது நல்ல பேரம், எனக்கு ஒத்துவரவில்லை.

உப்புத்தாளை வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் நான் தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மரம் போகிறது. என் பேட்டில் கட்டைவிரல் படும் இடம் ஏற்கெனவே ஒரு சின்னப் பள்ளம். மற்ற நாட்களில் ஆட்டம் முடிந்ததும் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, வீட்டுக்கு வந்ததும் உறையைத் திறந்து வைப்பது, மருந்துப் புட்டியில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கைப்பிடிப் பக்கமாகப் போட்டுவைப்பது. போன ஐப்பசியில் உறையைத் திறந்தபோது பிடி காய்ந்துதான் இருந்தது.