சங்கிலி ரம்பம் ஏன் திருப்பி உதைக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலி ரம்பத்தின் நுனி, பக்கத்துக் கிளை ஒன்றில் லேசாக உரசுகிறது. மறுகணம் அந்த நுனி அறுப்பவரின் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்றவர்களாலும் சொல்ல முடிவதில்லை. மொத்த நிகழ்ச்சிக்கும் நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைவதற்கோ எவ்வளவு துடிப்பான ஆளுக்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். கை அசையத் தொடங்கும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

இந்தக் கணக்கு தெரியாமல் பாதுகாப்பு விதிகளைப் படித்தால் அவை ஏதோ பயந்தவர்கள் எழுதிவைத்த பட்டியல் போலத் தோன்றும். “நான் கவனமாக இருப்பேன்” என்று சொல்லி ஒதுக்கிவிடவும் தோன்றும். கவனமாக இருப்பவருக்கும் நரம்புகளின் வேகம் ஒன்றுதானே! உதை கிளம்பிய பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. கையையும் காலையும் தலையையும் எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்கு முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

முதலில் சங்கிலியைப் பார்ப்போம். சைக்கிள் சங்கிலியைப் போலவே இதுவும் கண்ணிகளால் ஆனது. நீண்ட தட்டையான தகடு ஒன்றின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் சுற்றி ஓடுகிறது. வேலை செய்பவர்கள் அந்தத் தகட்டை ‘பார்’ என்பார்கள். கண்ணிகளில் சில வெட்டும் பற்கள். ஒரு பல் இடது பக்கம் வெட்டினால் அடுத்தது வலது பக்கம் வெட்டும். இந்த அமைப்பு ஒரு புழுவிடம் கற்ற பாடம். 1946இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டின் புழு ஒன்று இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து மரத்துக்குள் வழி செய்துகொண்டு போவதைக் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்து அவர் வடிவமைத்த சங்கிலியின் வழித்தோன்றல்களே இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்தக் கதையில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. பல்லின் கூர்முனையைவிட அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, பொதுவாக 0.65 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். மேடு மரத்தைத் தொட்டு ஓடும்; பின்னால் வரும் பல் அந்த 0.65 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே மரத்தைச் சீவும். தச்சரின் இழைப்புளியில் அலகு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது சீவலின் கனத்தைத் தீர்மானிப்பது போலத்தான் இதுவும். மேடு இல்லாவிட்டால் பல் கடித்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

வேகத்தையும் கணக்குப் பார்த்துவிடலாம். நடுத்தர ரம்பம் ஒன்றில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். சங்கிலியின் நீளம் 1.4 மீட்டர், அதில் 36 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடியில் ஓர் இடத்தை 500க்கும் மேற்பட்ட பற்கள் கடக்கின்றன. நம் கை விழித்துக்கொள்ள எடுக்கும் அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குள் 100 பற்கள் போய்விடும்.

இனி உதைக்கு வருவோம். தகட்டின் மேல் விளிம்பில் சங்கிலி எஞ்சினிலிருந்து நுனியை நோக்கி ஓடுகிறது. கீழ் விளிம்பில் நுனியிலிருந்து எஞ்சினை நோக்கித் திரும்பி வருகிறது. கீழ் விளிம்பால் அறுக்கும்போது ரம்பம் மரத்தை நோக்கி இழுபடும். மேல் விளிம்பால் அறுத்தால் நம்மை நோக்கித் தள்ளும். இரண்டும் நேர்கோட்டு விசைகள். மேல் விளிம்பை மரம் திடீரென இறுக்கிப் பிடித்துக்கொண்டால் ரம்பம் வேகமாகப் பின்னே வந்து மோதும் என்பது உண்மைதான். ஆனாலும் திசையாவது முன்கூட்டியே தெரியும். உறுதியாக நின்றிருந்தால் சமாளிக்கலாம்.

நுனியின் கதை வேறு. அங்கே சங்கிலி வளைந்து திரும்புகிறது. நேராக ஓடும்போது மேடும் பல்லும் ஒரே கோட்டில் போகின்றன. வளைவில் கண்ணி சாயும்போது மேடு தாழ்ந்து, பல் தூக்கிக்கொள்கிறது. கடியின் ஆழத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய மேடு, மிகவும் தேவைப்படும் இடத்தில் வேலைக்கு வருவதில்லை! நுனியின் மேல் கால்வட்டத்தில் பல் முன்னும் கீழுமாகப் பாய்கிறது. அந்த இடத்தில் மரம் பட்டால் பல் அளவுக்கு மீறிக் கடித்து ஒரு கணம் சிக்கிக்கொள்ளும். சங்கிலியால் முன்னும் கீழும் போக முடியாது. எதிர்விளைவாகத் தகடு பின்னும் மேலும் எறியப்படும். விசை விழும் இடம் ரம்பத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து வெகுதூரத்தில், தகட்டின் கடைசியில் இருப்பதால், ரம்பம் வெறுமனே பின்னால் நகர்வதில்லை, சுழல்கிறது. ஓடும் சங்கிலியில் தேங்கியிருந்த ஆற்றல் முழுவதும் ஐந்தாறு கிலோ எடையுள்ள கருவியைச் சுழற்றுவதில் இறங்குகிறது. அந்த வட்டப்பாதையில்தான் அறுப்பவரின் தலையும் கழுத்தும் இடது தோளும் இருக்கின்றன. இதைத்தான் பின்னுதை என்கிறோம்.

நுனி முழுவதும் மரத்துக்குள் மறைந்திருக்கும்போதும், அடர்ந்த கிளைகளுக்கு நடுவே அறுக்கும்போதும் இது நடக்க வாய்ப்பு அதிகம். நாம் பார்த்துக்கொண்டிருப்பது அறுபடும் இடத்தை. நுனியோ அதற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல் வேறு எதையோ தொட்டுக்கொண்டிருக்கும்.

ரம்பத்தின் முன்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு நிற்கிறது. வெறும் கைக்காப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். அது பிரேக்கின் நெம்புகோலும்கூட. ரம்பம் மேலெழும்போது இடது மணிக்கட்டு அதில் மோதினால், கிளட்ச் உருளையைச் சுற்றியுள்ள எஃகுப் பட்டை இறுகிச் சங்கிலியை நிறுத்தும். மணிக்கட்டு படாவிட்டாலும் தடுப்பின் எடையே போதும். பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்கும் பயணி பின்னால் சாய்வார் அல்லவா? ரம்பம் திடீரெனச் சுழலும்போது தடுப்பும் அப்படியே பின்தங்கி, தானாகவே பிரேக்கைப் போட்டுவிடும். 1970களில் இந்த ஏற்பாடு பரவத் தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா ரம்பங்களிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரேக் பின்னுதையைத் தடுப்பதில்லை. உதை நடக்கத்தான் செய்யும். தகடு நம்மிடம் வந்து சேர்வதற்குள் சங்கிலியாவது ஓடாமல் இருக்கட்டும் என்பதே அதன் வேலை.

இப்போது நிற்கும் முறைக்குப் பொருள் புரியும். ரம்பம் சுழல்வது தகட்டின் தளத்தில். தலை அந்தத் தளத்தில் இல்லாவிட்டால் தகடு காதோரமாகக் கடந்துபோகும். அதனால்தான் உடலைத் தகட்டின் நேர்க்கோட்டிலிருந்து சற்று இடப்பக்கமாக விலக்கி நிற்கச் சொல்கிறார்கள். இடது கையின் பெருவிரல் முன்பிடியை அடியில் சுற்றிப் பற்றியிருக்க வேண்டும். நான்கு விரல்களோடு சேர்த்து மேலேயே வைத்துக்கொண்டால் உதையில் பிடி வழுக்கிவிடும். இடது முழங்கை அதிகம் மடங்காமல் இருந்தால் கை ஒரு முட்டுக்கட்டை போல நின்று சுழற்சியின் வேகத்தைக் குறைக்கும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கும்போது இவற்றில் எதுவும் நடக்காது. ரம்பத்துக்கும் முகத்துக்கும் இடையே தூரமும் இருக்காது. திரைப்படங்களில் வரும் ஒற்றைக் கை வீரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் வலது கையைப் பின்பிடியில் வைத்தே பழக வேண்டும். கருவி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

பாதுகாப்புக் கால்சட்டை எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. வெட்ட முடியாத கவசம் என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வெட்டுப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. மேல்துணிக்கு அடியில் நீளமான, வலுவான செயற்கை இழைகள் பல அடுக்குகளாகத் தளர்வாக வைக்கப்பட்டிருக்கும். பல் மேல்துணியைக் கிழித்தவுடன் இந்த இழைகளைப் பற்றி இழுக்கும். அவை கொத்துக்கொத்தாக வெளியே வந்து, சங்கிலியோடு சேர்ந்து ஓடி, எஞ்சின் பக்கமுள்ள பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். மென்மையான நூல், கண்மூடித் திறப்பதற்குள் சங்கிலியைத் திணறடித்து நிறுத்திவிடும். நீண்ட கூந்தல் இயந்திரத்தில் சிக்கினால் நிகழும் அதே விபரீதத்தை இங்கே வேண்டுமென்றே நிகழ்த்துகிறார்கள்.

ஐஎஸ்ஓ 11393 என்ற சர்வதேசத் தரம் இந்த ஆடைகளைச் சங்கிலியின் வேகத்தைக் கொண்டு வகைப்படுத்துகிறது. வகை 1 நொடிக்கு 20 மீட்டர் வேகத்திலும், வகை 2 நொடிக்கு 24 மீட்டரிலும், வகை 3 நொடிக்கு 28 மீட்டரிலும் சோதிக்கப்படுகின்றன. தன் ரம்பத்தின் சங்கிலி வேகம் தெரியாமல் கால்சட்டை வாங்குவதில் பொருளில்லை. ஒருமுறை வெட்டுப்பட்டு இழை வெளியே வந்துவிட்டால் தைத்துப் போட்டுக்கொள்ளவும் கூடாது. தையல் இழைகளை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடும், பிறகு அவை ஓடிவரா. மின்சார ரம்பங்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெட்ரோல் எஞ்சின் வேகம் குறைந்தால் திணறும், கிளட்ச் நழுவும். மின் மோட்டாரோ குறைந்த வேகத்திலும் முழு வலுவோடு இழுக்கும். இழைகள் சிக்கினாலும் அது நிற்காமல் போகலாம். ‘சத்தமில்லாத சிறிய மெஷின்தானே’ என்ற நினைப்பு தவறு.

பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் காதருகே 110 டெசிபெல் அளவுக்கு எழும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி காதுக் காப்பு இல்லாமல் ஒரு நாளில் கேட்கத்தக்கது ஒன்றரை நிமிடம் மட்டுமே. அதிர்வின் தீங்கு இன்னும் மெதுவானது. 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர், அதிரும் கருவியால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து எழுதினார். அதே நோய் பின்னாளில் ரம்பம் பிடித்தவர்களையும் பிடித்தது. இன்றைய ரம்பங்களில் பிடிகளுக்கும் எஞ்சினுக்கும் இடையே வில்சுருளோ ரப்பர் துண்டோ இருப்பது அதனால்தான்.

இதுவரை கருவியின் குற்றங்களையே அடுக்கினேன். மரம் வீழ்த்தும் தொழிலில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் மரமும் கிளையும்தான். வளைந்து கிடக்கும் மரம் நாணேற்றிய வில்லுக்குச் சமம். வளைவின் வெளிப்புறத்தில் நார்கள் இழுபட்டும், உட்புறத்தில் நெருக்குண்டும் இருக்கும். இழுபட்ட பக்கத்தை எடுத்தவுடன் ஆழமாக அறுத்தால் மரம் பிளந்து சீறும். நெருக்குண்ட பக்கத்தில் முதலில் சிறிதளவு அறுத்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து வந்தால் தேங்கிய ஆற்றல் தவணை தவணையாக வெளியேறும். இந்தப் பக்க வேறுபாட்டைப் படிக்காமல் நெருக்குண்ட பக்கத்திலேயே ஆழமாகப் போனால் வெட்டு மூடிக்கொண்டு தகட்டைக் கவ்வும்.

நிற்கும் மரத்தை வீழ்த்தும்போது விழவேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டுகிறார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கிறார்கள். இரண்டு வெட்டுகளும் சந்திக்க விடக்கூடாது. நடுவில், மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். அதுதான் கதவுக்குக் கீல் போல மரத்தைப் பிடித்துத் திசை காட்டி இறக்குகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்பது காற்றின் கையில். விழத் தொடங்கியதும் அறுப்பவர் பின்பக்கமாகச் சாய்வான திசையில், முன்பே கிளைகளை அகற்றி வைத்த வழியில் விலக வேண்டும். நேர் பின்னால் போகக்கூடாது. விழும் மரத்தின் அடி சில நேரங்களில் குதித்துப் பின்னோக்கி வரும்.

மழுங்கிய சங்கிலி பாதுகாப்பானது என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மாறானது அது. கூரான பல் சீவல்களை உதிர்க்கும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளைக் கொட்டும். தூள் வரத் தொடங்கினால் அறுப்பவர் தன்னையறியாமல் ரம்பத்தை அழுத்தத் தொடங்குவார். அழுத்தும் உடல் சமநிலை இழந்திருக்கும். அரம் போடும்போதும் ஒரு ஆசை வரும்: முன் மேட்டையும் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் வேகமாக அறுக்குமே என்று. அறுக்கும், உண்மைதான். பல் ஆழமாகக் கடிக்கும், உதையும் அதே அளவுக்குப் பெரிதாகும். உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மேல் அந்த மேட்டில் அரம் படக்கூடாது.

பிரேக்கைச் சோதிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ரம்பத்தைத் தரையில் உறுதியாக வைத்து, தகடு எதிலும் படாதபடி இரு கைகளாலும் பிடித்து, சங்கிலியை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். முன்பிடியை விடாமலேயே இடது மணிக்கட்டைத் திருப்பித் தடுப்பை முன்னால் தள்ள வேண்டும். சங்கிலி அந்தக் கணமே நின்றால் வேலையைத் தொடங்கலாம். ஓரிரு சுற்று இழுத்துக்கொண்டு நின்றாலும் பட்டை தேய்ந்திருக்கிறது என்று பொருள். ரம்பத்தைப் பழுதுபார்க்க அனுப்பிவிட வேண்டும்.