நெகட்டிவ் பட்டினி கிடந்தால் கிரெய்ன் வரத்தான் செய்யும்

போன வாரம் மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் ஃபிலிம் லேபுக்கு ஓர் இளைஞர் தம் தாயாருடன் வந்தார். தாத்தாவின் சதாபிஷேகத்தில் எடுத்த ரோலின் ஸ்கேன்களை முதல் நாளே அனுப்பியிருந்தோம். கைப்பேசியை என் முன்னால் நீட்டி, “அங்கிள், கிரெய்ன் ரொம்பக் குறைந்த ஃபிலிம் என்றுதானே எக்டார் 100 வாங்கினேன்? தாத்தா முகம் முழுக்க மணல் தூவின மாதிரி இருக்கிறது. உங்கள் ஸ்கேனரில்தான் ஏதோ கோளாறு” என்றார். கிரெய்ன் என்றால் ஃபிலிம் படத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் சொரசொரப்பு. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நெகட்டிவை எடுத்து லைட் பாக்ஸ் மேல் விரித்து, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்த இளைஞர் கையில் கொடுத்தேன். 36 சட்டங்களில் (ஃபிரேம்களில்) 31 சட்டங்கள் மண்டபத்துக்குள் எடுத்தவை. நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம்தான் கறுக்கும்; அவற்றில் ஹோமத் தீயும் ஜன்னலும் மட்டும் கறுப்பாகப் பதிந்திருந்தன. மற்றபடி ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள் போல அடிப்பகுதி அப்படியே தெரிந்தது. தாத்தாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாயல்தான் இருந்தது. கேட்டதற்கு, கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர், லென்ஸ் திறப்பு எஃப் 2.8-இல் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு கேட்டதாகவும், கை நடுங்கிவிடும் என்று அறுபதில் ஒரு பங்கில் எடுத்ததாகவும், “ரெண்டு ஸ்டாப் தானே, கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம்” என்று நினைத்ததாகவும் சொன்னார். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்; இரண்டு ஸ்டாப் குறைந்தால் கால் பங்குதான் மிஞ்சும். இந்த மாதத்தில் இதே பேச்சை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எக்டார் 100 நல்ல ஃபிலிம் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 2008-இல் 35 மி.மீ. வடிவிலும், அடுத்த ஆண்டு அதைவிட அகலமான 120 வடிவிலும் வந்த அந்த ஃபிலிமை, உலகிலேயே மிக நுண்ணிய கிரெய்ன் கொண்ட கலர் நெகட்டிவ் என்றே கோடக் விளம்பரப்படுத்துகிறது. வேண்டிய வெளிச்சம் கொடுத்து எடுத்தால் அந்தப் பெயருக்கு அது தகுதியானதுதான். ஆனால் அந்த நுண்மை டப்பாவிலிருந்து படத்துக்குத் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நம்புவதுதான் தவறு. கலர் நெகட்டிவில் கிரெய்ன் எவ்வளவு தெரியும் என்பதில், ஃபிலிமின் பெயருக்கு இணையான பங்கு நீங்கள் கொடுத்த வெளிச்சத்துக்கும் உண்டு.

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் திரும்பத் திரும்ப இங்கேதான் எல்லாரும் இடறுகிறார்கள். கலர் ஃபிலிமில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றையும் பதியும் அடுக்கு ஒற்றை அடுக்காக இருப்பதில்லை. அதற்குள்ளேயே வேகமானது, மெதுவானது என்று இரண்டு அல்லது மூன்று உள்ளடுக்குகள் இருக்கும். வேகமான உள்ளடுக்கில் இருப்பவை பெரிய வெள்ளி உப்புப் படிகங்கள். கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே அவை விழித்துக்கொள்ளும். மெதுவான உள்ளடுக்கில் இருப்பவை பொடிப் படிகங்கள். அவற்றுக்குப் போதுமான வெளிச்சம் வேண்டும். டெவலப் ஆனபின் வெள்ளி போய், அது இருந்த இடத்தில் சாயத் திட்டுகள்தான் மிஞ்சும். நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கும்போது பெரிய படிகங்கள் மட்டும் வேலை செய்கின்றன. அவை விட்ட பெரிய திட்டுகளுக்கு நடுவே இடைவெளி அப்படியே கிடக்கிறது. போதுமான வெளிச்சம் கிடைத்தால் பொடிப் படிகங்களும் சேர்ந்துகொண்டு அந்த இடைவெளிகளை நிரப்பிவிடுகின்றன. தட்டில் ரவையை மட்டும் தூவினால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். அதன்மேல் மைதாவைச் சலித்துப் போட்டால் மணி எது மாவு எது என்று தெரியாது. நெகட்டிவில் நடப்பது ஏறத்தாழ இதுதான்.

அதற்கு மேல், வெளிச்சம் போதாமல் மெலிந்த நெகட்டிவிலிருந்து படம் வரவழைக்க ஸ்கேனர் அதன் ஒளி-நிழல் மாறுபாட்டை வலிந்து இழுக்கிறது. ரவை மணிகளும் கூடவே இழுபடுகின்றன. அவற்றோடு ஸ்கேனரின் சொந்த இரைச்சலும், கூர்மைப்படுத்தும் மென்பொருளின் கைவரிசையும் சேர்ந்துகொள்கின்றன. நிழல் பகுதி சேறுபோல நீலம் பாரித்துத் தெரிவதும் இதனால்தான். எந்த லேபின் எந்த இயந்திரத்தில் கொடுத்தாலும், ஃபிலிமில் பதியாததை அது கொண்டுவர முடியாது.

டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும் என்பதை நான் அறிவேன். அங்கே வெண்மை வெந்துவிட்டால் மீட்க வழியில்லை. ஆகவே கொஞ்சம் குறைத்து எடுத்துப் பின்னால் தூக்குவது அறிவுள்ள செயல். ஸ்லைடு ஃபிலிமுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். கலர் நெகட்டிவுக்கு நேர் எதிரானது நியாயம்: வெளிச்சமான பகுதி ஓரிரு ஸ்டாப் கூடினாலும் ஃபிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும்; நிழலில் குறைந்தால் போனது போனதுதான். ஆகவே தயவுசெய்து நிழலைப் பார்த்து அளந்து எடுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் கூட்டும் வசதி இருந்தால் அதைக் கூட்டும் பக்கமாகத் திருப்புங்கள், குறைக்கும் பக்கமாக ஒருபோதும் வேண்டாம்.

“அப்படியானால் புஷ் செய்து தாருங்கள்” என்று சிலர் கேட்கிறார்கள். டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தால், பதிந்தவை இன்னும் தடிக்கும், மாறுபாடு ஏறும், கிரெய்னும் ஏறும். பதியாத நிழல் பிறந்து வராது. புஷ் என்பது வேறு வழியே இல்லாத வேளைக்கானது. நுண்ணிய கிரெய்ன் வேண்டும் என்பவர் அதைக் கேட்பது பொருந்தாது.

இனி ஃபிலிம் தேர்வு. வெயிலில் எடுக்கப் போகிறீர்களா, எக்டார் 100 எடுத்துக்கொள்ளுங்கள். மெரைன் டிரைவில் பகல் வெயிலில் எஃப் 8-இல் ஐந்நூறில் ஒரு பங்கு கிடைக்கும். கடலும் கட்டடங்களும், மாட்டுங்கா பூக்கடைகளின் சாமந்தியும் ரோஜாவும் அதில் வரும் அழகே தனி. மனித முகத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் தோலின் செம்மையை அது கூட்டிக் காட்டும். முகம்தான் முக்கியம், வெளிச்சமும் இருக்கிறது என்றால் கோடக்கின் போர்ட்ரா 160 சரியானது. மண்டபம், கோயில் பிராகாரம், ஆடி ஆவணி மழைமேகம் என்றால் தயங்காமல் போர்ட்ரா 400-க்குப் போங்கள். அந்த இளைஞர் அமைத்த அதே எஃப் 2.8-இலும் அறுபதில் ஒரு பங்கிலும் போர்ட்ரா 400 இருந்திருந்தால், மீட்டர் கேட்டது கேட்டபடி கிடைத்திருக்கும். லென்ஸை எஃப் 2-க்குத் திறக்க முடிந்திருந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகவும் கிடைத்திருக்கும். நிறைவாக வெளிச்சம் வாங்கிய 400, பட்டினி கிடந்த 100-ஐ விடக் கிரெய்ன் குறைந்து தெரியும். இதை எங்கள் கடைக்கு வருபவர்களிடம் இரண்டு நெகட்டிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை அமைப்பதில் என் வழக்கம் இது: போர்ட்ரா 400-ஐ 200 என்றும், கோல்டு 200-ஐ 100 என்றும் கேமராவுக்குச் சொல்கிறேன், அதனால் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் விழும்; டெவலப் வழக்கம் போலவே நடக்கும். எக்டாருக்கு அவ்வளவு தாராளம் கூடாது. அதை 100-இலேயே வைத்து, நிழல் நிறைந்த காட்சியில் மட்டும் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூட்டுகிறேன். ஸ்டாண்டு வைக்க இடம் இருந்தால் எக்டாரை மங்கிய வெளிச்சத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு நொடி வரை அதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. பெரிய பிரிண்ட்டில் கிரெய்னே தெரியக் கூடாது என்று உண்மையிலேயே விரும்புபவர் ஃபிலிம் பெயரைத் தேடி அலைவதை விட, 120 கேமரா ஒன்றை இரவல் வாங்குவது மேல். 6×6 நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. நெகட்டிவின் பரப்பைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். அத்தனை குறைவாகப் பெரிதாக்கினால் போதும்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, நம் வீட்டு விசேஷங்களை மனத்தில் வைத்து. மீட்டருக்குத் தாத்தாவையும் தெரியாது, வேட்டியையும் தெரியாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்வதுதான் அதன் வேலை. வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டும் சட்டத்தை நிறைத்தால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணி அது குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். உங்கள் உள்ளங்கையை அவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்து அளந்து, வரும் அளவிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். பின்னால் ஜன்னலோ வானமோ இருந்தால் இதைச் செய்யாமல் எடுக்கவே வேண்டாம்.

பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்த பல கேமராக்களில் இன்று கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போடுகிறார்கள். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். விளைவு, ரோல் முழுவதும் மெலிந்து வரும். காதுக் கருவிக்கு விற்கும் 1.4 வோல்ட் சிங்க்-ஏர் பேட்டரி கிட்டத்தட்டச் சரியான அளவைத் தரும். ஃபோர்ட் வட்டாரத்தில் கேமரா வாங்கும்போதே விற்பவரிடம் எந்த பேட்டரிக்கான கேமரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலாவதியான ரோலில் வேகம் குறைந்திருக்கும், அடிப்புகை (வெளிச்சம் படாமலே படியும் மங்கல்) ஏறியிருக்கும், கிரெய்ன் தடித்திருக்கும். மலிவு என்பதற்காக அதை விசேஷ வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்த ரோலை எடுத்தவுடன் டப்பியைத் திறந்தால் மும்பை ஈரக்காற்று அதன்மேல் வியர்த்துவிடும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மூடியபடியே வெளியில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் ரோலை விடவே கூடாது. எடுத்து முடித்த ரோலை அலமாரியில் மாதக்கணக்கில் வைக்காமல் அந்த வாரமே கொடுங்கள். ஊருக்கு விமானம் ஏறும்போது ரோல்களைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், சி.டி. வகை ஸ்கேனர் உள்ள இடத்தில் கையால் பார்த்துத் தரும்படி பணிவாகக் கேளுங்கள். சினிமா ஃபிலிமைச் சுற்றிய ரோலாக இருந்தால் கொடுக்கும்போதே சொல்லுங்கள். அதன் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தால், கலர் நெகட்டிவை டெவலப் செய்யும் சி-41 மருந்தில் கலந்து உங்கள் ரோலோடு அடுத்தவர் ரோல்களையும் பாழாக்கிவிடும்.

லேபின் மேல் சந்தேகம் வந்தால், அதைச் சோதிக்கும் வழியும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு நெகட்டிவை எங்களிடமே விட்டுப் போகாதீர்கள். ஓரத்தில் இருக்கும் ஃபிலிம் பெயரும் சட்ட எண்களும் ஆலையிலேயே ஒளியில் பதித்தவை; உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அந்த எழுத்துகளும் வெளிறியிருந்தால் டெவலப்பில் பிழை. எங்களைப் போன்றவர்களைத் தாராளமாகக் கேள்வி கேளுங்கள். எழுத்துகள் அழுத்தமாக இருந்து சட்டங்கள் மட்டும் மெலிந்திருந்தால், கேமராவுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

அந்த இளைஞரும் லூப்பில் அந்த எழுத்துகளைப் பார்த்தார். கொட்டை எழுத்தில் தெளிவாக இருந்தன. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மீதமுள்ள ஐந்து சட்டங்களைக் கேட்டார். அவை மண்டப வாசலில், காலை வெயிலில், தாத்தா கார் வரக் காத்திருந்தபோது எடுத்தவை. நெகட்டிவில் முகம் அடர்த்தியாகப் பதிந்திருந்தது. ஸ்கேனில் காதோரத்து வெள்ளை முடிகளைத் தனித்தனியே எண்ணலாம், விபூதிப் பட்டையின் விரிசல்கூடத் தெரிகிறது. அதே ரோல், அதே மருந்து, அதே ஸ்கேனர். தாயார் அதில் இரண்டாவது சட்டத்தைத் தொட்டுக் காட்டி, 12×18 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் கேட்டார். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.