திருமுழுக்குப் பதிவேடு: ஒரு சொல் விளக்கம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்னும் தமிழ் பேசும் உழவர் ஊர்கள் உள்ளன. நீரால் ஒருவரைக் கிறித்தவராக்கும் சடங்கை அங்கே பழைய தலைமுறையினர் 'ஞானஸ்நானம்' என்பர்; அதையே மலையாளச் சுரியானிக் கிறித்தவக் குடும்பங்கள் 'மாமோதீசா' என்கின்றன. 1995-இல் வெளிவந்த தமிழ் விவிலியப் பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியமோ 'திருமுழுக்கு' என்கிறது.

இவற்றுள் 'மாமோதீசா' சுரியானி எனப்படும் சிரியாக் மொழியிலிருந்து வந்தது. 'ஞானஸ்நானம்' வடமொழிக் கூட்டு. கிறித்தவத் தமிழில் 'ஞான' என்னும் அடை, ஞானத்தகப்பன், ஞானத்தாய் (சடங்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்கள்) என்பவற்றிற்போல, அறிவைக் காட்டிலும் ஆன்மிகத் தொடர்பையே குறிக்கும். கிரேக்க மூலச்சொல்லின் பொருள் 'அமிழ்த்துதல்' என்பதால் 'முழுக்கு' அதற்கு மிக அணுக்கமானது. நெற்றியில் சிறிது நீர் வார்ப்பது எப்படி முழுக்காகும் என்று சிலர் தடை எழுப்புவதுண்டு. ஆனால் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொள்வதையும் நாம் முழுகுதல் என்றே சொல்கிறோம். குடத்து நீரைக் கலசத்தில் வார்ப்பது குடமுழுக்கு. உறவை அறவே விடுவதைத் 'தலைமுழுகுதல்' என்கிறோம். நீர் வார்க்குமுன் சாத்தானை விட்டுவிடுவதாக வாக்களிக்கும் சடங்குக்கு இதைவிடப் பொருந்தும் தமிழ்ச்சொல்லை நான் அறியேன். ஞானத்தகப்பனை மலையாளத்தார் 'தலதொட்டப்பன்' என்பதிலும் அந்தத் தலையே நிற்பது மகிழ்ச்சி தருகிறது.

இச்சடங்கைக் குறித்துவைக்கும் கோவில் புத்தகமே திருமுழுக்குப் பதிவேடு. 'பதிவேடு' என்பதில் உள்ள 'ஏடு' பனையோலையை நினைவூட்டும் சொல். வழக்கமோ ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஞானப்பெற்றோரின் பெயரைப் பங்குக்குரு புத்தகத்தில் எழுத வேண்டுமென்று 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின்படி பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், முழுக்களித்தவர், இடம், நாள், பிறந்த நாள், பிறந்த ஊர் ஆகியவை பதியப்படுகின்றன. பின்னாளில் நடக்கும், நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். எனவே ஒரு வரியே ஒருவருடைய வாழ்நாளுடன் வளர்கிறது.

இதனைப் 'பிறப்புப் பதிவேடு' என்று மொழிபெயர்ப்பது பிழை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்திற்கு முன், நாட்டுப்புறக் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோவிலின் இந்தப் புத்தகமே வயதுச் சான்றாக இருந்ததால் இக்குழப்பம் எழுந்திருக்கலாம். ஆயினும் பிறந்த நாளும் முழுக்கு நாளும் வெவ்வேறு. முன்னோரின் வயதைக் கணக்கிடுபவர் எந்த நாளைப் பார்க்கிறோம் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்று எழுதும்போது 'திருமுழுக்குப் பதிவேடு' என்பதே தகும். பழைய பதிவை மேற்கோள் காட்டும்போது மட்டும், அதில் 'ஞானஸ்நானம்' என்றிருந்தால் அவ்வாறே விட்டுவிட வேண்டும்.