‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மிஸி போன்?’

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அவசரம் என்று எண்டோஸ்கோபி அறைக்கு, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் அறைக்கு, கூப்பிட்டார்கள். ரத்த வாந்தி. படுக்கையில் இருந்தவரைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். ஐந்து மாதமாக நான் போனில் தேடிக்கொண்டிருந்த அதே ஆள்.

கணையம் வீங்கி, அதன் பக்கத்தில் பப்பாளி அளவுக்கு நீர்க்கட்டி வந்து எங்களிடம் சேர்ந்தவர் அவர். நடுவில் குறுகி, இரண்டு முனையும் அகன்று, நூல்கண்டு போல இருக்கும் புது வகை உலோக ஸ்டென்ட்டை (வழி மூடாமல் வைத்திருக்கும் சிறு குழாய்) இரைப்பை வழியாக வைத்துக் கட்டியை வடித்தோம். மூன்றே நாளில் வலி போய்விட்டது. நான்கு வாரத்தில் வந்து ஸ்டென்ட்டை எடுத்துவிட வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்தோம். வரவில்லை. ஏழு முறை கூப்பிட்டேன். இரண்டாவது முறை மட்டும் எடுத்தார். “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மிஸி போன்?” அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஸ்டென்ட்டின் ஒரு முனை இரைப்பைச் சுவருக்குள் புதைந்துபோயிருந்தது. அதை எடுக்க டாக்டர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எண்டோஸ்கோபி பிரிவில் தாதி, நீங்கள் மிஸி என்று கூப்பிடும் ஆள். புதிதாக வரும் கருவிகளுக்கான நோயாளிப் பதிவேட்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், என்னைப் போல. பதிவேடு என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் பெரட்டு, அதாவது தோட்டத்தில் காலையில் எடுக்கும் ஆள் கணக்கு, என்று சொல்வேன். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் மண்டோர் பேர் கூப்பிடும்போது வந்தவர்களை மட்டுமா எழுதினார்? வராதவருக்கும் ஒரு குறி உண்டு. அந்தக் குறி இல்லாவிட்டால் கணக்கே கிடையாது. இதுவும் அப்படித்தான். ஒரு கருவியை யார் யாருக்குப் போட்டோமோ அத்தனை பேரையும், நல்ல கேஸ் கெட்ட கேஸ் என்று பொறுக்காமல், வந்த வரிசையில் எழுத வேண்டும். ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

“எங்களை எலியாக்குறீங்களா?” என்பது அடுத்த கேள்வி. இல்லை. உங்களுக்கு எந்தக் கருவி என்பதை உங்கள் நோயைப் பார்த்து டாக்டர் முடிவு செய்கிறார். பதிவேடு நடந்ததை எழுதுகிறது, அவ்வளவுதான். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இதை நடத்த முடியாது. கணக்குப் பார்ப்பவர்களுக்குப் போவது உங்கள் பேர் இல்லை, ஒரு குறியீட்டு எண். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வைத்தியம் குறையாது. சம்மதப் படிவம் மலாய் மொழியில் இருப்பதால் புரியவில்லையென்றால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். “நோவு வந்தா நானே வருவேன், நல்லா இருக்கிறவனைக் கேட்டு என்ன செய்யப் போறீங்க?” அண்ணே, நல்லா இருக்கிறவரைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

40 பேருக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். 25 பேர் போனை எடுத்தார்கள். அதில் 5 பேருக்கு ரத்தக்கசிவு. நூற்றுக்கு 20 என்று எழுதலாமா? எடுக்காத 15 பேரும் நலமாக இருந்தால் உண்மைக் கணக்கு 40க்கு 5, அதாவது நூற்றுக்கு 12.5. அந்த 15 பேரில் இன்னும் 5 பேர் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கக்கிப் படுத்திருந்தால் நூற்றுக்கு 25. ஒரே ஸ்டென்ட், ஒரே டாக்டர்கள். எடுக்காத போன் மட்டும் 12.5ஐ 25 ஆக்குகிறது. நலமாக இருக்கும் நீங்கள் எடுக்காவிட்டால் ஒரு நல்ல கருவிக்கு வீணாகக் கெட்ட பேர் வரும். நோவோடு இருக்கும் இன்னொருவர் எடுக்காவிட்டால் ஒரு கெட்ட கருவி நல்ல பேரோடு உங்கள் தம்பிக்கும் போடப்படும். எது நடந்தது என்று என் மேசையில் உட்கார்ந்து எனக்குத் தெரியாது. காலிக் கட்டம் வாய் திறக்காது.

இன்னொன்றும் உண்டு. 100 பேருக்கு வைத்து ஒருவருக்குக்கூடப் பிரச்சினை வரவில்லை என்றாலும் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நூற்றுக்கு 3 வரை இருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் கணக்கு. அரிதாக வரும் ஆபத்தைப் பிடிக்க நிறையப் பேர் வேண்டும், நீண்ட நாள் வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேடு, ஒரு வகை உலோக இடுப்பு மூட்டுக்கு மறு அறுவைச் சிகிச்சை அதிகமாகிறது என்று 2007இலேயே காட்டியது. 2010இல் நிறுவனம் அதை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. எங்கள் நூல்கண்டு ஸ்டென்ட் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் ஓர் ஆய்வின் கணக்கை நடுவிலேயே சரிபார்த்தபோது, இந்த ஸ்டென்ட் வைத்த 12 பேரில் 6 பேருக்குச் சிக்கல். கட்டி சுருங்கிய பிறகும் உள்ளே இருந்த ஸ்டென்ட் ரத்தக் குழாயை உரசியது, சுவருக்குள் புதைந்தது. 2017இல் அதை வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஸ்கேன், கட்டி வடிந்திருந்தால் உடனே எடுத்துவிடு என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் வலுத்தது. யாரோ 12 பேரை விடாமல் பின்தொடர்ந்ததால் உங்கள் அட்டையில் நான் தேதி எழுதுகிறேன்.

சரி, கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? அடையாள அட்டையில் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) முகவரி இருக்கும். அந்த லயத்தை இடித்துச் செம்பனை நட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கும். மகன் ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போகும்போது அப்பாவின் போன் எண்ணும் மாறும். பேரைச் சொல்லவே வேண்டாம். ஒரே அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி, மூன்றாவதில் லக்‌ஷ்மி. 12 இலக்க அடையாள எண்தான் எங்களைக் காப்பாற்றுகிறது. அப்புறம் மோசடி அழைப்புகள். தெரியாத எண்ணை எடுக்காதே என்று நானே என் அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், உங்களை எப்படிக் குறை சொல்வேன்?

அதனால் ஒரு வழி. இரண்டு போன் எண் கொடுங்கள், ஒன்று ஊரைவிட்டு நகராத ஒருவருடையதாக இருக்கட்டும். நாங்கள் கூப்பிட்டுச் சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு, அட்டையில் உள்ள ஆஸ்பத்திரி எண்ணுக்கு நீங்களே அடித்து என்னைக் கேளுங்கள். வங்கிக் கணக்கு, பணம் அனுப்பும்போது போனுக்கு வரும் டிஏசி எண் எதையும் நான் கேட்க மாட்டேன். கேட்பவன் திருடன். பணம் போயிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அடியுங்கள்.

ஸ்டென்ட் அட்டையைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள். ரத்தம் நிற்க உள்ளே உலோகக் கிளிப் போட்டிருந்தாலும், கேப்சூல் கேமரா விழுங்கி அது வெளியே வந்ததா என்று தெரியாவிட்டாலும், எம்ஆர்ஐ எடுக்கும் முன் சொல்லியே ஆக வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்சு குடித்தீர்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் “பிறகு பேசுறேன்” என்றால் எனக்குப் புரியும். தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, குளிர்க் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ என் போனுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவு.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. கருவிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் லாட் எண் (எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்) ஸ்டிக்கர் குப்பைத் தொட்டிக்கு இல்லை, நோயாளியின் கோப்புக்கு. நாளைக்கு அந்த லாட்டைத் திரும்பக் கேட்டால் யார் வயிற்றில் தேடுவது? முதல் பத்து கேஸை யார் செய்தார் என்ற கட்டத்தை நிரப்ப டாக்டர்கள் தயங்குகிறார்கள். கருவியின் குறையா, பழகாத கையா என்று பிரிக்க அது ஒன்றுதான் வழி, டாக்டர். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கு என் பதிவேட்டில் 11 பேருக்கு ஒரு வருடக் கட்டம் காலியாக இருக்கிறது. செவ்வாய், வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுவேன். பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.